தகடூரில் ஓர் ஆறு இருக்கிறது

வெளியூரிலிருந்து வரும் இலக்கிய நண்பர்களுக்குத் தருமபுரியைச் சுற்றிக்காட்ட எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு. பல ஆண்டுகளாக மாறாத பட்டியல். முதலில் கோட்டைக் கோயில். காமாட்சி அம்மன் கோயிலின் அடித்தளத்தில் உள்ள இராமாயணச் சிற்பங்களைக் காட்டுவோம். மல்லிகார்ஜுனர் கோயிலின் தொங்கும் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுத்துக்காட்டுவோம். அடுத்து அரசு அருங்காட்சியகத்து நடுகற்கள். பிறகு, 1792இல் திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியிடம் இழந்தபின் கேப்டன் ரீடின் உதவியாளராக இங்கு வந்து தங்கிய தாமஸ் மன்றோவின் நினைவுத்தூண். அங்கிருந்து சேலம் சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை. சென்னராயப் பெருமாள் கோயிலின் ஓவியங்கள், அதியமானும் அவ்வையும் சிலைகளாக நிற்கும் கோட்டம். நேரமிருந்தால் சுப்பிரமணிய சிவா 1925இல் கண்மூடிய பாப்பாரப்பட்டி. இன்னும் நேரமிருந்தால் ஒகேனக்கல், பரிசல், மீன் வறுவல்.

சென்ற மழைக்காலத்தில் இந்தப் பட்டியலை முடித்துவிட்டு வந்த ஒரு நண்பர், பேருந்து ஏறுமுன் சாதாரணமாக ஒன்று கேட்டார்: "காவிரி நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் பள்ளத்தில் ஓடுகிறது. தென்பெண்ணையும் பக்கத்தில் இல்லை. அப்படியானால் அதியமானின் ஊர் எந்தத் தண்ணீரைக் குடித்தது?"

சங்க இலக்கியத்தில் அதியமான் பற்றிய பாடல்களை எண் சொல்லி எடுத்துத் தரக்கூடியவர்கள் எங்களில் மூவர் இருந்தோம். மூவருமே விழித்தோம். ஏரிகள் என்றோம். "ஏரிகளுக்கு எங்கிருந்து வந்தது?" என்றார். பேருந்து வந்துவிட்டது, நாங்கள் தப்பித்தோம்.

தப்பித்ததாக நினைத்தோம் என்பதே சரி. அந்தக் கேள்விக்கான விடை நாங்கள் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் ஒரு சிறுபாலத்தின் அடியில் கிடக்கிறது. அதற்கு ஒரு பெயரும் உண்டு: சனத்குமார நதி.

*

வத்தல்மலைச் சரிவுகளில் சேரும் மழைநீர் ஓடையாகி, தருமபுரி நகரின் ஓரத்தைத் தொட்டு, வழியில் ஏரிகளை நிரப்பி, கம்பைநல்லூர்ப் பக்கமாகத் தென்பெண்ணைக்குப் போகும் வழிதான் சனத்குமார நதி. பெரிய ஆறு அன்று. வருடம் முழுவதும் ஓடிய ஆறும் அன்று. மழை பெய்தால் ஓடும், நின்றால் மணலுக்குள் ஒளியும். ஆனால் வறண்ட மேட்டுநிலத்தில் ஆறு என்பது வேறு எதுவாக இருக்க முடியும்? காவிரிப் படுகையின் கண்ணைக் கொண்டு பாராமகாலைப் பார்ப்பவர்களுக்குத்தான் இது ஆறாகத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டைக் கோயில் வாசலில் தொடங்கி, இந்த ஆற்றைத் தேடி நடந்தோம். தேநீர்க்கடையில் விசாரித்தோம். "நதியா? அப்படி ஒண்ணும் இந்தப் பக்கம் இல்லீங்களே. நதின்னா ஒகேனக்கல்தான் போகணும்" என்றார் கடைக்காரர். அவருடைய கடை ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. பாலத்தில் நின்ற இளைஞர் ஒருவர், "சாக்கடைங்களா? அது இந்தா கீழதான போவுது" என்று கை காட்டினார். கடைசியில் வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் அதை ஆறு என்று சொன்னார். "இதாங்க ஆறு. நாங்கெல்லாம் இதுல துணி தொவச்சிருக்கோம். ஊத்து தோண்டினா குடிக்கத் தண்ணி வரும். இப்ப ஆடுகூட வாய் வைக்காது."

கீழே பார்த்தோம். கறுத்த நீர், அசைவில்லை. ஆகாயத்தாமரை, சீமைக்கருவேலம், கோழிக்கடைக் கழிவு, பாலிதீன் பைகள், பழைய மெத்தை ஒன்று. இதைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி எழுதுவது எளிது. எங்களில் சிலர் உடனே மனதுக்குள் எழுதத் தொடங்கியும் விட்டோம். அந்த உருக்கத்தின் மீதே இப்போது எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால் அதை இங்கே தவிர்க்கிறோம்.

நாங்கள் கவனிக்க விரும்புவது வேறொன்று. மூன்று தலைமுறைக்குள் இந்த நீர்வழிக்கு நேர்ந்த பெயர் மாற்றம். பாட்டிக்கு அது ஆறு. அவருடைய மகன் தலைமுறைக்கு ஓடை. அதற்கடுத்து கால்வாய். இன்று சாக்கடை. அரசாங்கத்தின் 'அ' பதிவேட்டிலோ புல எண்ணுக்கு நேரே 'ஓடைப் புறம்போக்கு' என்று எழுதுவதே வழக்கம். ஒரு முனிவனின் பெயர், பிரம்மாவின் மனத்திலிருந்து பிறந்து என்றும் சிறுவனாகவே இருந்ததாகப் புராணம் சொல்லும் சனத்குமாரனின் பெயர், புறம்போக்கு என்ற சொல்லில் வந்து முடிந்திருக்கிறது.

நீர் கெட்டதால் பெயர் கெட்டது என்பார்கள். பாதி உண்மை. பெயர் கெட்ட பிறகு நீரைக் கெடுப்பது எவ்வளவு சுலபமாகிவிடுகிறது என்பது மறுபாதி. ஆற்றில் கழிவுநீர்க் குழாயை இறக்க யாருக்கும் கொஞ்சம் கூசும். கால்வாயில் இறக்கக் கூச்சம் குறையும். சாக்கடையில் இறக்குவதோ முறையான செயலாகவே ஆகிவிடும். சாக்கடை எதற்கு இருக்கிறது?

*

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. பாலைவனத்தின் மழையன்று இது. ஆனால் பெய்வது சில வாரங்களில். விழுவது கெட்டியான பாறை நிலத்தில். பிடித்து வைக்காவிட்டால் ஓடிவிடும். ஆகவே இங்கே வாழ்ந்தவர்கள் ஓடைகளின் போக்கில் ஏரிகளை வெட்டினார்கள். ஓர் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அன்னசாகரம், இலக்கியம்பட்டி, ராமாக்காள் ஏரி, பிடமனேரி, சோகத்தூர் என்று இந்த நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எண்ணிப் பாருங்கள். பாதி இடங்களின் பெயரிலேயே நீர் இருக்கிறது. கடலைக் காணாத மேட்டுநிலத்து ஊர் ஒன்று 'சாகரம்' என்ற சொல்லைத் தன் பெயரில் வைத்திருக்கிறது என்றால் அதன் பின்னால் எவ்வளவு தாகமும் எவ்வளவு பெருமிதமும் இருந்திருக்க வேண்டும்! ஏரிகள் மணிகள் என்றால் ஓடைகள் அவற்றைக் கோத்த நூல். நூலை அறுத்துவிட்டு மணிகளுக்கு வேலி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஏரியின் வேலை பாசனத்தோடு முடிவதில்லை. அது நிலத்துக்குள் நீரை இறக்குகிறது. ஓடை மணலும் அதையே செய்கிறது. அந்த நீர்தான் மேல்மட்டக் கிணறுகளில் ஊறியது. ஓடை அடைபட்டு, ஏரி வறண்டு, கிணறு வற்றியபோது ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. முதலில் சில நூறு அடி. பிறகு ஆயிரம் அடி. இங்கேதான் தருமபுரியின் துயரக்கதை தொடங்குகிறது.

இந்த மாவட்டத்தின் பாறைகளில் ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் உண்டு. அதற்கு எந்த ஆட்சியும் பொறுப்பல்ல. எந்தச் சாதியும் பொறுப்பல்ல. அது பூமியின் கட்டமைப்பு. ஆனால் ஆழப் பாறையின் வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கிய நீரில் அந்த நஞ்சு கூடுதலாகக் கரைகிறது. மழைநீர் இறங்கிக் கலக்கும் இடங்களில் அதன் செறிவு குறைய வாய்ப்பிருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதை மீறிய நீரைப் பல கிராமங்கள் பல்லாண்டுகள் குடித்தன. குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை. நடுவயதில் மூட்டு இறுக்கம். முதுமைக்கு முன்பே வளைந்த முதுகு. பக்கத்து மாவட்டங்களில் பெண் பார்க்கப் போனால், பல்லைப் பார்த்தே 'தருமபுரியா?' என்று கேட்ட காலத்தை எங்களில் மூத்தவர்கள் அனுபவித்திருக்கிறார்கள்.

ஓடை செத்ததால்தான் ஃபுளூரைடு வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அது அறிவியலுக்குச் செய்யும் துரோகம். ஓடையும் ஏரியும் உயிரோடு இருந்திருந்தால் அவ்வளவு ஆழத்திற்குப் போய் அந்த நீரை எடுத்துக் குடிக்கும் நிலை இத்தனை பேருக்கு வந்திருக்காது என்று மட்டும் சொல்கிறோம். காலடியில் இருந்த நீரைக் கழிவாக்கினோம்; பாதாளத்திலிருந்த நீரைக் குடித்தோம்.

அதற்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு, பேருந்துகள் நின்றன. ஏப்ரல் 4 அன்று தமிழ்த் திரையுலகமே சென்னையில் உண்ணாவிரதம் இருந்தது. அந்த வாரத்தில் தமிழில் எழுதியவர்களில் பெரும்பாலோர் தருமபுரியின் தாகத்தைப் பற்றி எழுதினார்கள். நாங்களும் எழுதினோம். நியாயமான கோபம்தான், இன்றும் அதை நாங்கள் மறுக்கவில்லை. ஜப்பானியக் கடனுதவியோடு ஏறக்குறைய 1,928 கோடி ரூபாய் செலவில் முடிந்து, 2013 மே மாதம் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் அது உயிர்த்தண்ணீர். அதற்காக உழைத்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பள்ளத்தில் ஓடும் காவிரியை மின்சாரம் கொடுத்து மேட்டுக்கு ஏற்றுகிறோம். குடிக்கிறோம், குளிக்கிறோம், கழுவுகிறோம். பிறகு அந்தக் காவிரி நீரில் எவ்வளவோ பங்கை அப்படியே சனத்குமார நதியில் சாக்கடையாக இறக்கித் தென்பெண்ணைக்கு அனுப்புகிறோம். தூரத்து ஆற்றுக்காக மாநிலமே எழுந்து நின்றது. அந்த ஆற்றின் நீரைக் கொண்டே பக்கத்து ஆற்றை நிறைத்துக் கொன்றபோது ஒரு துண்டறிக்கைகூட வரவில்லை. எதிரி கர்நாடகமாக இருந்தால் நமக்கு ஆறு புனிதம். எதிரி நம் வீட்டுக் குழாயாக இருந்தால் அது சாக்கடை.

*

இதைச் சொன்னவுடன் மூன்று பதில்கள் வரும். வந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறதே, இந்த ஓடை எதற்கு?" குழாயில் வருவது குடிக்க. கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மாமரத்துக்கும் குழாய் வராது. இந்த மாவட்டத்தின் இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து பேருந்தாகப் போவதற்குக் காரணம் குடிநீர்ப் பஞ்சம் மட்டுமல்ல. நிலத்தில் நீர் இல்லாமற்போனது. அன்றியும் ஓடைக்கு இன்னொரு வேலை இருக்கிறது: வெள்ளத்தை வெளியேற்றுவது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து உள்நாட்டுக்குள் வந்தபோது பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மேட்டுநிலத்தில் வெள்ளம் வராது என்று நம்பியிருந்தவர்கள் அன்று வாகனங்கள் நீரில் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தார்கள். நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அது கேட்பதும் இல்லை.

இரண்டாவது: "மக்கள்தான் குப்பை போடுகிறார்கள். மக்கள் திருந்தாமல் என்ன செய்ய முடியும்?" அறிவுஜீவிகளுக்கு மிகவும் பிடித்த பதில் இது; நம்மைத் தவிர மற்ற அனைவரையும் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் தள்ளிவிடலாம். பாலத்தின் மேலிருந்து பையை வீசுகிறவரைக் கண்டிக்க வேண்டும்தான். ஆனால் ஆற்றைக் கறுப்பாக்குவது பை அன்று. வீடுகளும் விடுதிகளும் மண்டபங்களும் விடும் கழிவுநீர். அது கண்ணுக்குத் தெரியாமல் சிமெண்டுக் குழாயில் வருவதால் நாகரிகமாக இருக்கிறது. இலக்கியக் கூட்டங்கள் நடக்கும் மண்டபத்தின் கழிப்பறையும் எங்கோ ஓரிடத்தில் திறந்துகொள்கிறது. எங்கே என்று நாங்கள் இதுவரை கேட்டதில்லை.

ஆக்கிரமிப்புப் பேச்சிலும் இதே தந்திரம் உண்டு. ஆக்கிரமிப்பு என்றதும் கரையோரக் குடிசைதான் படத்தில் வரும். அகற்றும் இயந்திரமும் முதலில் அங்கேதான் போகும். 1905இலிருந்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. ஏரிகளைக் காக்கவென்றே 2007இல் தனிச்சட்டம் வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. குறைவு எதில் என்றால், ஏரியைப் பார்க்கும் கண் ஏரிக்கு வரும் வழியைப் பார்ப்பதில்லை. ஏரி ஒரு துறையிடம், வரத்து ஓடை இன்னொரு துறையிடம், அதில் விழும் கழிவுநீர் மூன்றாவது இடத்தில். ஓர் அலுவலகத்தில் நாங்கள் விசாரித்தபோது இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் மூன்றாவதைக் காட்டினார்கள். மூன்றாவதில் மிகவும் மரியாதையாக உட்காரவைத்து, "சார், நீங்க கேக்கிற ஆறு எங்க பதிவுல இல்லீங்க" என்றார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

மூன்றாவது பதில் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் அது நல்லெண்ணத்தோடு வருகிறது: "அழகுபடுத்திவிடலாம். கரையில் கல் பதித்து, நடைபாதை போட்டு, வண்ணவிளக்கு வைத்து, நடுவில் அவ்வைக்கு ஒரு சிலை." இதைச் சொல்பவர்கள் தென்கொரியத் தலைநகர் சியோலில் உள்ள சொங்கேசோன் ஓடையை உதாரணம் காட்டுகிறார்கள். மேம்பாலச் சாலைக்கு அடியில் பல பத்தாண்டுகள் புதைந்துகிடந்த ஓடையை, 2003இல் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005இல் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு மீண்டும் திறந்தார்கள். மேம்பாலத்தை இடிக்கும் துணிச்சலுக்கு நாமும் தலைவணங்கலாம். ஆனால் அந்த ஓடையில் இன்று ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இயந்திரம் வைத்து இறைத்து விடப்படுவது. அந்த ஊரின் சூழலியலாளர்களே அதைக் குறை சொன்னார்கள். சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் தன் ஆற்றைச் சுத்தம் செய்தபோது, அழகுக்கு முன்னால் கழிவு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய், ஒவ்வொரு பன்றிப் பண்ணையையும் பட்டறையையும் சாலையோர உணவுக்கடையையும் இடம் மாற்றியது. அதில் இழந்தவர்களின் கதை தனி. அதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் வரிசை சரியானது. முதலில் கழிவை நிறுத்து. பிறகு கல் பதி.

நமக்கு வெளிநாடு எதற்கு? சேலத்தில் திருமணிமுத்தாறு, மதுரையில் கிருதுமால், கோவையில் நொய்யல், சென்னையில் கூவமும் ஓட்டேரி நல்லாவும் இருக்கின்றன. இவற்றில் சிலவற்றுக்குக் கரையும் சுவரும் வேலியும் கிடைத்த அளவுக்கு நல்ல நீர் கிடைக்கவில்லை. கான்கிரீட் படுக்கை போட்ட ஆறு குளியலறை ஓடு பதித்த வயலுக்குச் சமம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஒன்றும் ஊறாது, ஒன்றும் முளைக்காது.

*

கடைசியாக, எங்களிடம் வருகிறோம். இந்தக் கட்டுரை அதிகாரிகளைப் பார்த்து எழுதப்பட்டதன்று. இலக்கியம் வாசிப்பவர்களைப் பார்த்து, எங்களையே பார்த்து எழுதப்பட்டது.

தகடூர் என்ற சொல் தமிழ் வாசகனுக்கு எதைக் கொண்டுவருகிறது? அதியமான் நெடுமான் அஞ்சி, அவ்வை, நெல்லிக்கனி. தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை. அவனைப் பாடிய அரிசில்கிழார். சில பாடல்கள் மட்டும் எஞ்சி மற்றவை தொலைந்துபோன தகடூர் யாத்திரை. தொலைந்த அந்த நூலுக்காக நாம் வருந்தியது உண்மையான வருத்தம்தான். ஆனால் தொலைந்த நூலுக்கு வருந்தத் தெரிந்த நமக்கு, கண்ணெதிரே தொலைந்துகொண்டிருக்கும் ஆற்றைப் பற்றி ஒரு பாராகூட எழுதத் தோன்றவில்லை. ஏன்? அது எந்தப் பாட்டிலும் இல்லை என்பதால். பாட்டில் இருந்தால்தான் நமக்கு நிலம். பாட்டில் இல்லாத நிலம் புறம்போக்கு. வருவாய்த்துறையின் பதிவேட்டுக்கும் நமது இலக்கிய வரலாற்றுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேறுபாடே இல்லை.

நகரின் விளிம்பில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டி, ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் இலக்கியம்பட்டி. இந்தப் பெயரை வைத்து எத்தனை மேடைகளில் சிலேடை பேசியிருப்போம்! அந்த ஊரின் ஏரியில் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும் செய்தி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகிறது. இலக்கியம்பட்டி என்ற பெயரை ரசித்தோம். இலக்கியம்பட்டி ஏரியைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1981இல் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுத்தோ அதியன் நெடுமான் அஞ்சி ஒரு பாழியை, அதாவது துறவியரின் உறைவிடத்தைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. பாட்டில் மட்டும் வாழ்ந்த அரசன் கல்லிலும் வாழ்ந்தான் என்று நிறுவிய கல்வெட்டு அது. அசோகனின் சாசனம் சொல்லும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வழக்குக்கும் அது விடை தந்தது. ஜம்பை இருப்பது தென்பெண்ணைப் பக்கம். திருக்கோவலூரை அதியமான் வென்றதும் நாம் அறிந்ததே. படத்தை விரித்து வைத்துப் பாருங்கள். வத்தல்மலையில் விழும் மழை சனத்குமார நதியில் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையைத் தாண்டி, அதியமானின் பெயர் பொறித்த பாறை இருக்கும் அந்த நிலத்தின் வழியாகவே கடலுக்குப் போகிறது. அவனுடைய தலைநகரையும் அவனுடைய கல்வெட்டையும் இணைப்பது ஒரே நீர்வழி. இதை எந்தக் கருத்தரங்கிலும் நாங்கள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அந்த நீர்வழியில் இன்று நாம் என்ன அனுப்புகிறோம் என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

அதியமானை நாம் கொண்டாடுவது எதற்காக? நெடுவாழ்வு தரும் கனியைத் தான் உண்ணாமல் இன்னொருவருக்குக் கொடுத்ததற்காக. நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும், நமக்குக் கீழே நீர்ப்போக்கில் வாழ்கிறவர்களுக்கும் நாம் கொடுத்துக்கொண்டிருப்பதை அந்தக் கனிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தைரியம் நமக்கு உண்டா? நிலத்தின் நன்மை அதில் வாழும் மனிதரின் நன்மையைப் பொறுத்தது என்ற கருத்தில் அவ்வையின் பெயரால் ஒரு புறப்பாட்டு உண்டு. மேடையில் அது நமக்குப் பெருமை. பாலத்தின் மேல் நின்று நினைத்தால் அது தீர்ப்பு.

*

நாங்கள் கேட்பது அதிகமில்லை. சிலை வேண்டாம், பூங்கா வேண்டாம், வண்ணவிளக்கு வேண்டாம்.

சனத்குமார நதி கடக்கும் ஒவ்வொரு பாலத்திலும் அதன் பெயரைத் தமிழில் எழுதிய பலகை ஒன்று வேண்டும். பெயர் தெரிந்தவனைக் கொல்வது கொஞ்சம் கடினம். மலையடிவாரத்திலிருந்து தென்பெண்ணை வரை அதன் இரு கரைகளையும் அளந்து, எல்லைக்கல் நட்டு, வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்தெந்த இடத்தில் எந்தெந்தக் குழாய் இறங்குகிறது என்ற பட்டியல் வேண்டும்; அந்தப் பட்டியலில் குடிசைக்கும் மாளிகைக்கும் ஒரே நீதி வேண்டும். இழப்பவர் ஏழை என்றால் மாற்று இடம் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். சுத்திகரிக்காத ஒரு சொட்டும் ஆற்றில் இறங்கக் கூடாது. இவையெல்லாம் நடந்தபின் நடைபாதையைப் பற்றிப் பேசலாம்.

இவற்றை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அதனால் எங்கள் கையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறோம். இனி எங்கள் கூட்ட அறிவிப்புகளில் மண்டபத்துக்கு வழி சொல்லும்போது 'சனத்குமார நதிப் பாலத்தைக் கடந்து' என்றே எழுதுவோம். 'சாக்கடைப் பாலம்' என்று யார் சொன்னாலும் திருத்துவோம். சலிப்பூட்டும் அளவுக்குத் திருத்துவோம். துணி துவைத்த பாட்டியிடமும் அவர் வயதுடைய மற்றவர்களிடமும் போய், எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் ஓடியது, எங்கே ஊற்று இருந்தது, எந்தக் கலிங்கு எப்போது வழிந்தது என்று கேட்டு எழுதிவைப்போம். கவிதையாக அல்ல; தகவலாக. நாளை யாராவது இந்த ஆற்றை மீட்க வந்தால், அவருக்கு எங்கள் கவிதைகள் பயன்படப் போவதில்லை. இந்தக் குறிப்புகள் பயன்படலாம்.

ஊர் சுற்றிக்காட்டும் பட்டியலையும் மாற்றிவிட்டோம். கோட்டைக் கோயிலும் நடுகல்லும் மன்றோ தூணும் அப்படியே இருக்கின்றன. அவை எங்கும் ஓடிப்போகா. அடுத்த முறை வருகிறவரை முதலில் அந்தச் சிறுபாலத்துக்குத்தான் அழைத்துப் போவோம். மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும், அதற்குத் தடையில்லை. ஆனால் தகடூர் எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று அவர் கேட்டால், இனி எங்களால் கை நீட்டிக் காட்ட முடியும்.